மதிப்பெண் இல்லாத முட்டி

மார்ச் மாதத்திலிருந்து டெல்ஃபீன் வோஸ்னியாக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்; லார்க்ஸ்பர் நலத்திட்டம் பியானோ வாசித்துக்கொண்டே இருந்தது. தொலைபேசியில் காத்திருப்பவர்களுக்கு அவர்கள் போடும் அந்த ஒரே மெட்டை அக்கா பாத்திரம் கழுவும்போதுகூட முணுமுணுக்கிறாள் என்று தம்பி காஸ் அலுத்துக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது. நவம்பரில் ஒரு நாள் அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது லார்க்ஸ்பர் தானாகவே அவளைக் கூப்பிட்டது.

“வணக்கம் மேடம். நான் ஷெல்பி, லார்க்ஸ்பர்லேர்ந்து பேசறேன். உங்ககிட்ட ஒரு இடைவெளி இருக்குங்க. அதை நாங்க மூடணும்.”

டெல்ஃபீன் நாக்கால் கீழ்வரிசைப் பற்களைத் துழாவினாள்.

“அந்தப் பல்லு விழுந்து ரெண்டு வருஷமாச்சும்மா. இப்பதான் உங்க கண்ணுல பட்டுதா?”

“பல் இல்லீங்க. இடைவெளி.”

“வேலியைச் சொல்றியா? அதைக் காஸ் போன மாசமே அடைச்சிட்டான்.”

“பராமரிப்பு இடைவெளி மேடம். உங்க பிரஷர் சம்பந்தமா.”

“அப்போ முட்டி?”

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, மிகவும் மரியாதையாக, “எந்த முட்டி மேடம்?” என்று கேட்டாள் ஷெல்பி.

டெல்ஃபீனுக்கு அறுபத்தொரு வயது. டொலீடோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் நின்று சமைத்தவள். வலது முட்டியில் எலும்போடு எலும்பு உரசத் தொடங்கியதும் நிற்க முடியாமல் வேலையை விட வேண்டியதாயிற்று. தலைமையாசிரியை நல்ல மனுஷி. அடுத்த ஈஸ்டர் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்வரை அந்த இடத்துக்கு வேறு ஆள் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் முட்டியை மாற்றிவிட்டால் வேலை உண்டு. இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்து காஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் தாங்கலாம்.

முட்டியை மாற்ற லார்க்ஸ்பரின் அனுமதி வேண்டும். மாநில அரசு ஏழைகளின் வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொள்ளாமல் இதுபோன்ற திட்டங்களிடம் ஒப்படைத்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுகிறது. இரண்டு முறை மனுப் போட்டாள். இரண்டு முறையும், அவசியம் நிரூபிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. நிரூபிப்பதற்கு நேரில் வரட்டுமா என்று கேட்டாள். முட்டி அவ்வளவு மோசமென்றால் எப்படி நேரில் வருவீர்கள் என்று கேட்டார்கள்.

ஆனால் அரசும் லேசுப்பட்டதல்ல. கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, வருஷக் கடைசியில் மதிப்பெண் போடும். சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்குக் கண் பரிசோதனை ஆயிற்று, குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தடுப்பூசி போட்டார்கள், ரத்த அழுத்தக்காரர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் நூற்று நாற்பதுக்குக் கீழே இருக்கிறது என்று பார்த்து, தேறினால் பிடித்த பணம் ஊக்கத்தொகையாகத் திரும்பி வரும். கண்ணுக்கு மதிப்பெண் உண்டு, கைக்கு உண்டு, கருப்பைக்கு உண்டு. முட்டிக்கு இல்லை. மனித உடம்பில் முட்டி என்று ஒன்று இருப்பதை லார்க்ஸ்பர் மறுக்கவில்லை. அதற்கு மதிப்பெண் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்ட லார்க்ஸ்பர், ரத்த அழுத்தத்தில் மட்டும் ஒரே ஒரு ஆள் குறைவாக நின்றது. அந்த ஆள் டெல்ஃபீன். அக்டோபரில் அவளுடைய டாக்டர் பாலோக் பார்த்தபோது அழுத்தம் நூற்று ஐம்பத்திரண்டு. விதி என்னவென்றால், வருஷத்தில் எத்தனை முறை பார்த்தாலும் கடைசியாகப் பார்த்ததுதான் கணக்கு. மற்றதெல்லாம் நடக்கவே இல்லை.

“அப்போ பதினோரு மாசம் கொதிச்சுக் கெடந்துட்டு டிசம்பர்ல ஆறிட்டா நான் ஆரோக்கியமானவளா?” என்று கேட்டாள் டெல்ஃபீன்.

“ரொம்ப ஆரோக்கியமானவங்க மேடம்,” என்றாள் ஷெல்பி.

அடுத்த வாரமே ஷெல்பி ஒரு பழக்கூடையோடும் அளவுக்கருவியோடும் வீட்டுக்கு வந்து நின்றாள். கதவைத் திறக்க டெல்ஃபீன் மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கி வர வேண்டியிருந்தது. இறங்கி முடித்தபோது நெற்றியில் வியர்வை. ஷெல்பி அவள் கையில் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றிவிட்டு, சட்டென்று இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

“என்னம்மா ஆச்சு? தலை சுத்துதா?”

“இல்லீங்க. எண் பெரிசா வர்ற மாதிரி தெரிஞ்சுது. பார்த்துட்டா பதியணும். பதிஞ்சா அது கணக்கு. அதனால பார்க்கலை.”

“நான் பார்த்தேனே. நூத்தி ஐம்பத்தெட்டு.”

“ஐயையோ, சொல்லாதீங்க!” என்று காதையும் பொத்திக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு பரிசோதிப்பது லார்க்ஸ்பரில் தனிப் பயிற்சியாம். அதில் ஷெல்பி நல்ல பேர் வாங்கியவள். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. நர்ஸ் படிப்புப் படித்தவள். படிக்கும்போது கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன் என்று அவளே ஒருமுறை வருத்தத்தோடு சொன்னாள்.

“பிரஷர் எதனால ஏறுதுன்னு நெனைக்கிறீங்க மேடம்? மன உளைச்சல் ஏதாவது?”

“முட்டி வலிம்மா. டாக்டரும் அதைத்தான் சொல்றார். முட்டியை மாத்தினா தானா எறங்கும்னு எழுதியே அனுப்பிச்சாரே.”

ஷெல்பி தன் கைக்கணினியில் தேடினாள். மன உளைச்சலுக்கான காரணங்கள் வரிசையாக இருந்தன. குடும்பம், அண்டை வீட்டார், வானிலை, செல்லப்பிராணி. முட்டி இல்லை.

“வேற ஏதாவது?”

“உங்க ஆபீஸ்.”

அதுவும் இல்லை. கடைசியில் ‘காரணம் அறியப்படவில்லை’ என்பதை அழுத்திவிட்டுப் போனாள்.

காரணம் அறியப்படவில்லை என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு குழு அமைக்க வேண்டும். டெல்ஃபீன் குழு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். குழு முதலில் கண்டுபிடித்தது காஸின் தொத்திறைச்சியை. வீட்டில் உப்பு இருப்பது பிடிபட்டதும் ஓர் உணவு ஆலோசகர் வந்து குளிர்பெட்டியைத் திறந்து, காஸ் கிறிஸ்துமஸுக்காகத் தானே புகைபோட்டு வைத்திருந்த கில்பாசா தொத்திறைச்சியையெல்லாம் பையில் போட்டுக் கட்டினார்.

“யோவ், பிரஷர் அவளுக்கு. இறைச்சி என்னோடது,” என்றான் காஸ்.

“ஒரே கூரையின் கீழ் இருக்கிறது சார்.”

“நானும்தான் ஒரே கூரைக்குக் கீழ இருக்கேன். என்னையும் பையில போட்டுக் கட்டிட்டுப் போ. அக்கா சந்தோஷப்படுவா.”

“அந்தச் சேவை எங்க திட்டத்துல இல்ல சார்,” என்று வருத்தம் தெரிவித்துவிட்டு ஆலோசகர் போனார். அன்று காஸ் சாயங்காலம்வரை கத்திய கத்தலில் டெல்ஃபீனின் அழுத்தம் எங்கே போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. நல்லவேளை, ஷெல்பி வந்திருந்தால் அன்றைக்குக் கண், காதோடு வாயையும் மூட வேண்டியிருக்கும்.

அடுத்து, மூச்சு விடக் கற்றுக்கொடுக்க ஒருவர் வந்தார். அறுபத்தொரு வருஷமாக அவள் தவறாக விட்டுக்கொண்டிருந்தாளாம். மூச்சை உள்ளே இழுத்து, அமைதியான ஓர் ஏரியை மனதில் நினைக்கச் சொன்னார். டெல்ஃபீன் ஊரை ஒட்டிய ஈரீ ஏரியை நினைத்தாள். கோடையில் அதில் பச்சைப்பாசி படர்ந்து குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே என்று அறிவித்த நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. வேறு ஏரி நினையுங்கள் என்றார் அவர். எனக்குத் தெரிந்த ஏரி இதுதான் என்றாள் அவள்.

அதற்கும் மேலே போனது குழு. அங்கத்தினரின் விருப்பங்கள் பற்றிய கேள்வித்தாளில் எப்போதோ ‘போல்கா நடன இசை’ என்று அவள் எழுதியிருந்ததை யாரோ தோண்டி எடுத்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலையில் இறகு வைத்த தொப்பியோடு ஓர் அக்கார்டியன்காரர் கூடத்தில் வந்து நின்று வாசிக்க ஆரம்பித்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் அருமையாக வாசித்தார். அதுதான் வினையாகப் போயிற்று. போல்கா கேட்டுக் காலைச் சும்மா வைத்திருக்க டெல்ஃபீனால் ஆகுமா? வலது கால் தானாகத் தாளம் போட்டது. மூன்றாவது தாளத்தில் முட்டிக்குள் யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“பாருங்க, எவ்வளவு உருகிப்போயிட்டாங்க!” என்று குழுவினர் கைதட்டினார்கள். ஷெல்பி பட்டையைச் சுற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

டாக்டர் பாலோக் இதையெல்லாம் கேள்விப்பட்டு லார்க்ஸ்பருக்குப் போன் போட்டார். ஹங்கேரிக்காரர்கள் நிறைந்த பழைய பேட்டையில் ஒரு சின்னக் கிளினிக் வைத்திருக்கும் கிழவர். முன்கோபி. “அக்கார்டியனுக்குக் காசு இருக்கு, முட்டிக்கு இல்லையா?” என்று கேட்டார். அக்கார்டியன் தர மேம்பாட்டுச் செலவு, முட்டி மருத்துவச் செலவு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று பதில் வந்தது.

டிசம்பர் நடுவில் தலைமை அலுவலகத்தில் ஒரு விழா. ‘அங்கத்தினரே நம் ஆன்மா’ என்று பெயர். ஆன்மாவாக டெல்ஃபீனைக் காரில் அழைத்துப்போய் ஐந்தாம் மாடியில் உட்கார வைத்தார்கள். தரப் பிரிவின் துணைத்தலைவர் ப்ரெஸ்டன் கில்ஃபோர்ட் பேச எழுந்தார். கனெக்டிகட்டிலிருந்து சமீபத்தில் வந்தவர். பேசும்போது இரண்டு கைகளையும் விரித்துக்கொள்வார், யாரையோ கட்டிப்பிடிக்கப் போகிறவர் மாதிரி. யாரும் கிட்டப் போகமாட்டார்கள்.

“நண்பர்களே, சில கம்பெனிகளுக்கு அங்கத்தினர்னா வெறும் எண். நமக்கு அப்படி இல்ல. நமக்கு அவங்க ஒரு பின்னம்!”

பலத்த கைதட்டல்.

“பின்னத்துல ஒரு கோடு இருக்கும். கோட்டுக்குக் கீழ எல்லாரும் இருப்பாங்க. நல்லா ஆனவங்க மட்டும் கோட்டுக்கு மேலேயும் வருவாங்க. இதோ, நம்ம மிசஸ் வோஸ்னியாக். பாவம், இன்னும் கோட்டுக்குக் கீழேயே நிக்கறாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. அவங்களை எப்படியாவது மேல ஏத்தணும். ஏன்? மனிதாபிமானம்! அவங்க ஏறினாத்தான் நம்ம போனஸ் ஏறும். நாம முழு மனிதரையும் பார்க்கறவங்க. அளக்கக்கூடிய எல்லா இடத்துலயும் பார்க்கறோம். அளக்க முடியாத இடத்தை நாம ஏன் பார்க்கணும்? அது அவங்களோட அந்தரங்கம்!”

டெல்ஃபீன் கையைத் தூக்கினாள். “சார், என் முட்டி?”

கில்ஃபோர்ட் விரித்த கைகளை மடக்கிக்கொண்டார்.

“முட்டி மூணாவது மாடிங்க. இது அஞ்சாவது மாடி.”

“ஒரே கட்டடம்தானே?”

“கட்டடம் ஒண்ணுதான். போனஸ் வேற. உங்க உடம்பு நல்லானா எங்களுக்குக் கிடைக்கும். செலவு குறைஞ்சா அவங்களுக்குக் கிடைக்கும். நாங்க அவங்க விஷயத்துல தலையிடறதில்ல, அவங்க எங்க விஷயத்துல தலையிடறதில்ல. இப்படி ஒரு கட்டுக்கோப்பான நிறுவனத்தை நீங்க வேற எங்கயும் பார்க்க முடியாது.”

பிறகு மேடைக்கு வந்து பூங்கொத்து வாங்கிக்கொள்ளும்படி அவளைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் படிகள் இருந்தன. அவள் ஏறி முடிப்பதற்குள் ஷெல்பி கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். அன்று அவள் கையில் கருவிகூட இல்லை, பழக்கதோஷம்.

கிறிஸ்துமஸும் போயிற்று. அழுத்தம் இறங்கவில்லை. வருஷம் முடிய ஒருசில நாட்களே இருந்தபோது கில்ஃபோர்ட் தாமே ஷெல்பியை அழைத்துக்கொண்டு டெல்ஃபீன் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அவள் வைத்த கசகசா ரொட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

“மிசஸ் வோஸ்னியாக், உங்களைக் கோட்டுக்கு மேல ஏத்த முடியலை. பரவாயில்ல, யார் மேலயும் குத்தம் இல்ல. ஆனா கோட்டுக்குக் கீழேருந்து உங்களை எடுத்துட முடியும். அரசு விதியிலேயே இருக்கு. சில பேரைக் கணக்குல சேர்க்க வேண்டியதில்ல.”

“யாரை?”

கில்ஃபோர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். “முதல் பிரிவு... இந்த வருஷத்துல உங்களுக்கு விசேஷம் ஏதாவது உண்டா?”

“என்ன விசேஷம்? கிறிஸ்துமஸ்தான்.”

“அது இல்லீங்க. வந்து... குழந்தை கிழந்தை...”

காஸ் வாயிலிருந்த காப்பியை மேஜையில் துப்பிவிட்டான். டெல்ஃபீன் கையிலிருந்த ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுவது அவள் சமையலறைப் பழக்கம்.

“சரி, அது இல்ல,” என்று கில்ஃபோர்ட் அவசரமாக அடுத்ததற்குப் போனார். “ரெண்டாவது, மரணம். தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க கேக்கலை. அது முழுக்க முழுக்க அங்கத்தினரோட விருப்பம்.”

“சார்,” என்றாள் ஷெல்பி மெல்ல.

“விதியைச் சொல்றேம்மா. இப்ப பாருங்க, மூணாவதுதான் சுலபம். வேற மாநிலத்துக்குக் குடிபோயிட்டா நீங்க எங்க கணக்குல வரமாட்டீங்க. ரொம்ப தூரம் போகணும்னு இல்ல. வரைபடத்துல பார்த்தேன், இங்கேருந்து கொஞ்ச தூரம்தான்.” புன்னகையோடு கைகளை விரித்தார். “மிச்சிகன்.”

காஸ் தங்கள் மாநிலக் கால்பந்து அணியின் சிவப்பும் சாம்பலுமான பனிக்குல்லாயைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான், வீட்டில் இழவு விழுந்ததுபோல. இரண்டு மாநிலங்களுக்கும் கால்பந்தில் பரம்பரைப் பகை; அவர்கள் அப்பா சாகும்வரை அந்த மாநிலத்தின் பெயரைச் சொன்னதில்லை. வரைபடத்தில் வடக்கே இருப்பதால் ‘மேலே இருக்கிறவங்க’ என்றுதான் சொல்வார். கால்பந்து நடக்கும் வாரத்தில் அதையும் சொல்லமாட்டார்.

“சார், மறுபடியும் ரெண்டாவதைச் சொல்லுங்க,” என்றாள் டெல்ஃபீன்.

“மரணமா?”

“ஆமா. மிச்சிகனுக்கு அது தேவலை.”

“மேடம், உங்க முகம் செவந்துபோச்சு,” என்று ஷெல்பி பயந்தாள்.

“செவக்கட்டும். நல்லாக் கேட்டுக்கங்க சார். நான் எதுவும் வேணும்னு பேராசைப்படலை. நின்னு சூப்பு கிண்டணும், பிள்ளைங்களுக்குத் தட்டுல போடணும், அவ்வளவுதான் எனக்கு. அதுக்கு ஒரு முட்டி வேணும். பழம் வேண்டாம், பாட்டு வேண்டாம், ஏரி வேண்டாம். நீங்க முட்டி குடுத்தா நான் கை குடுப்பேன். அதுவரைக்கும் இந்தக் கையில ஒருத்தரும் பட்டை சுத்த முடியாது.” சொல்லிவிட்டு வலது கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். கில்ஃபோர்ட் இடது கையைப் பார்த்தார். அதையும் இழுத்துக்கொண்டாள்.

வருஷத்தின் கடைசி நாள். பாலோக்கின் கிளினிக்கை மத்தியானம் பூட்டிவிடுவார்கள். காலையிலேயே டெல்ஃபீன் அங்கே போய், இரண்டு வெறும் ஸ்வெட்டர்க் கைகள் தொங்க, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் காஸ், காவல். எதிரே பட்டையும் கையுமாக ஷெல்பி; அவளருகே கில்ஃபோர்ட், தன் நிறுவனத்தின் மூன்றாம் மாடியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டு. அவருக்கும் பியானோதான் வாசித்தார்கள்.

“இது எவ்வளவு நேரம் வாசிக்கும்?” என்று கேட்டார், கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே.

“இப்பதானே ஆரம்பிச்சிருக்கு,” என்றாள் டெல்ஃபீன். “நடுவுல ஒரு இடத்துல நின்னுடும். யாரோ எடுத்துட்டாங்கன்னு சந்தோஷப்படுவீங்க. அப்புறம் மொதல்லேர்ந்து வரும்.”

நின்றது. கில்ஃபோர்ட் “ஹலோ!” என்று கத்தினார். மொதல்லேர்ந்து வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பாலோக் தன் கருவியை எடுத்து அவர் கையில் சுற்றிப் பார்த்துவிட்டு, “உங்களுக்குத்தான் ஆஸ்பத்திரி வேணும் போலிருக்கு,” என்றார்.

ஒருவழியாக மூன்றாம் மாடியின் தலைவி லெனோர் ஸ்ட்ராட் பேசினார். லார்க்ஸ்பரில் அவர் ‘வேண்டாம்’ சொல்லும் வேகத்துக்காகக் கேடயம் வாங்கியவர். கில்ஃபோர்ட் கெஞ்சினார். மருத்துவ அவசியத்துக்கு என்ன ஆதாரம் என்று லெனோர் கேட்டார். கில்ஃபோர்ட் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது.

“வாசலுக்குப் பக்கத்துல இருக்கற என் பார்க்கிங் இடம். கூரை போட்டது. பனி விழாது.”

சிறிது யோசனைக்குப் பிறகு லெனோர் சொன்னார்: “நோயாளியோட நிலைமை இவ்வளவு தீவிரம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

பாலோக்கின் பழைய ஃபாக்ஸ் இயந்திரம் முனகிக்கொண்டே ஒரு தாளைத் துப்பியது. வலது முட்டி மாற்று அறுவை, அனுமதி. டெல்ஃபீன் அதை இரண்டு முறை படித்தாள். அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள். பிறகு ஸ்வெட்டருக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள். ஷெல்பி பட்டையைச் சுற்றி, பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, பயந்து பயந்து ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“நூத்தி இருபத்தாறு!” என்று கூவினாள். இரண்டு கண்ணும் திறந்துவிட்டன.

கில்ஃபோர்ட் கைகளை விரித்தார். முதல்முறையாக ஒருவர் அந்தக் கைகளுக்குள் வந்தார், பாலோக். கட்டிக்கொள்ளத்தான் வந்தார் என்று பார்த்தால், பாலோக் அவரை வாசல்பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். “இவனுங்க மனசு மாறறதுக்குள்ள முட்டியை மாத்திடணும்,” என்றார். யாரோ அறுவையை ஒத்திப்போட்டதில் ஜனவரி முதல் வாரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. டெல்ஃபீன் போனாள், படுத்தாள், புது முட்டியோடு எழுந்தாள்.

பாலோக் அவசரப்பட்டது வீண்போகவில்லை. ஊக்கத்தொகை கைக்கு வந்ததும் ஐந்தாம் மாடியில் வெற்றிக்கூட்டம் நடந்தது. அங்கே கில்ஃபோர்ட் ஒரு புதிய கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

“நண்பர்களே, தேதியைக் கவனியுங்க. மிசஸ் வோஸ்னியாக்கோட பிரஷர் எப்ப எறங்குச்சு? டிசம்பர் முப்பத்தொண்ணு. ஆபரேஷன் எப்ப? ஜனவரி! அப்போ எறக்கினது முட்டி இல்ல. எறக்கினது அந்தத் தாள்! ஒரே ஒரு தாள்! முட்டிக்கும் பிரஷருக்கும் சம்பந்தமே இல்லேன்னு நாம ஆரம்பத்துலேர்ந்து சொன்னோம், இப்ப விஞ்ஞானபூர்வமா நிரூபிச்சிருக்கோம். இந்த வருஷத்துலேர்ந்து ஒவ்வொரு டிசம்பரும் எல்லா அங்கத்தினருக்கும் அவங்க கேட்டதுக்கெல்லாம் அனுமதித் தாள் அனுப்பறோம். பிரஷரைப் பதிஞ்சுக்கறோம். ஜனவரியில ரத்து பண்ணிடறோம். ஆன்மாவுக்கு ஆறுதல், நமக்கு மதிப்பெண், மூணாவது மாடிக்குச் சிக்கனம். ரெண்டு மாடிக்கும் ஒரே நேரத்துல போனஸ்! இது சரித்திரம்!”

மாடிகள் இரண்டும் முதல்முறையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டன என்று ஷெல்பி பிறகு போனில் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். வேலையை விட்டுவிட்டு ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேரப்போகிறாளாம். சேரு, கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு வேலை பாரு என்றாள் டெல்ஃபீன்.

மார்ச் மாதம் மூன்றாம் மாடியிலிருந்து கடிதம் வந்தது. அழுத்தம் தாளாலேயே இறங்கிவிட்டதால் அறுவைக்கு அவசியம் இருந்திருக்கவில்லை. எனவே அனுமதி முன்தேதியிட்டு ரத்து செய்யப்படுகிறது. அங்கத்தினர் வசம் இருக்கும் முட்டி திட்டத்தின் சொத்து. அதை நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும்.

காஸ் கடிதத்தைப் படித்துவிட்டு, “பெட்டியில போட்டா அனுப்பணும்?” என்று கேட்டான். டெல்ஃபீனுக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்கள் செய்யக்கூடியவர்கள்தான் என்று நினைத்து, கடிதத்தை வாங்கி மறுபடி படித்தாள். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை அவளுக்குப் புது ஏப்ரன்கூட வாங்கி வைத்துவிட்டார். ஒரு ராத்திரி அதையே நினைத்துப் புரண்டுவிட்டு, காலையில் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு நேரே தலைமை அலுவலகத்துக்குப் போனாள். மின்தூக்கி இருந்தது. படியில் ஏறினாள். மூன்றாம் மாடியில் லெனோர் ஸ்ட்ராட்டின் அறைக்குள் போய், எதிர்நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி அவர் மேஜைமேல் வைத்தாள்.

“இந்தாங்க. உங்க சொத்து. கழட்டி எடுத்துக்கங்க.”

லெனோர் காலைப் பார்த்தார். காலின் கீழே மாட்டிக்கொண்ட தாள்களைப் பார்த்தார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி எதையோ தட்டினார்.

“முட்டியைக் கழட்டறது ஒரு அறுவை சிகிச்சை,” என்றார். “அதுக்கு முன் அனுமதி வாங்கணும்.”

“யார் குடுக்கணும்?”

“நான்தான்.”

“குடுங்க.”

லெனோரின் விரல்கள் விசைகளின்மேல் நின்றன. அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து, கூரை போட்ட ஒரு பார்க்கிங் இடத்துக்காகத் தவிர, ‘அனுமதி’ என்ற சொல்லை அவர் எழுதியதில்லை. நோயாளி யார், நோய் என்ன, எந்த மூட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வலி உண்டா என்றார். இல்லை என்றாள் டெல்ஃபீன். நடக்க முடிகிறதா என்றார். மூன்று மாடி ஏறி வந்தேன் என்றாள். லெனோரின் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. தெரிந்த பாதைக்கு வந்து சேர்ந்தவரின் நிம்மதி.

“மன்னிக்கணும்,” என்றார். “நல்லா வேலை செய்யற முட்டியைக் கழட்ட மருத்துவ அவசியம் நிரூபிக்கப்படலை. உங்க மனு மறுக்கப்படுது.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

“கட்டாயம்.” அச்சாகி வந்த தாளில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார். “இந்த முடிவு உங்களுக்குத் திருப்தி இல்லேன்னா, எதிர்த்து மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.”

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, டெல்ஃபீன் காலை மேஜையிலிருந்து இறக்கிக்கொண்டு எழுந்து நடந்தாள்.